கண்ணாடிப் பொட்டலின் கல்லுண்ணிகள்

கண்ணாடிப் பொட்டலில் இருந்த செடிகள், மலையம்மாள் வீடு கட்டுவதற்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது 1925ஆம் வருஷம் ஆவணி மாதம். அந்த மாதம் கேப்பை விலை இறங்கியிருந்தது. மழை வழக்கம்போல மதுரைப் பக்கமே பெய்துவிட்டு நின்றுபோயிருந்தது. செடிகள் ஒரே மூச்சில் நகரவில்லை. விடிந்து பார்த்தால் ஒரு சாண் தள்ளி இருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம். மாதம் முடிவதற்குள் ஓர் அறையும் அடுப்படியும் போடுகிற அளவுக்குச் சதுரமாக இடம் விட்டிருந்தன. அவள் புருஷன் மொக்கைச்சாமி மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தான். கோணல் இல்லை. வாசலுக்கென்று கிழக்குப் பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு வழியும் இருந்தது. இருவரும் அதில் நடந்து உள்ளே போய் அடுப்புக்கல் வைத்தார்கள்.

பொட்டல் என்பது சமயநல்லூருக்கு மேற்கே, நாவலூத்து என்கிற ஊருக்குப் பக்கத்தில், ரயில் ரோட்டுக்கு அந்தப்புறம் கிடக்கிற மேடு. கால்வாய்த் தண்ணீர் ஏறாத இடம். அங்கே மண் வெள்ளையாக இருக்கும். மண்ணுக்குள் தகடு தகடாக உரிகிற ஒரு கல் உண்டு. நகத்தால் கீறினால் கோடு விழும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரியும். மதுரையிலிருந்து நாட்டு வைத்தியர்கள் வந்து அதைச் சிலாசத்து என்று சொல்லிக் கொஞ்சம் எடுத்துப்போவார்கள். இங்கிலீஷ் படித்தவர்கள் ஜிப்சம் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது கண்ணாடிக்கல். அந்த மண்ணில் சோளம் போட்டால் வெளுத்து முளைத்துக் கருகிவிடும். எருக்குகூட ஒட்டாது. அதற்காகப் பொட்டல் மொட்டையாகவும் இல்லை. கறுத்த பாசி ஒன்று அப்பளம்போல மண்ணை மூடிக்கிடக்கும். பாசியின் வெடிப்பில் மெழுகு பூசினாற்போன்ற இலையுள்ள குத்துச்செடிகள். அவற்றின் மடியில் பஞ்சு மாதிரி சாம்பல்நிறப் பூண்டுகள். பூண்டின் நிழலில் குன்றிமணி அளவுக்கு ஒரு மஞ்சள் பூ. ஒன்றை ஒன்று அண்டித்தான் எல்லாம் பிழைத்தன. அவை வேறு எங்கேயும் முளைப்பதில்லை. வேறு எதுவும் அவற்றோடு முளைப்பதில்லை. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஒன்றுக்கும் உதவாததால் ஊரில் யாரும் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. கல்லுண்ணி என்கிற பெயர் பிற்பாடு மலையம்மாள் வைத்தது.

அவர்கள் இருவரும் விரும்பி அங்கே போய்ச் சேரவில்லை. மொக்கைச்சாமி கிணறு வெட்டுகிறவன். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறுகள் அவன் கடப்பாரை இறங்கியவைதான். அந்த வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊற்றுக்கண் திறந்ததும் குழிக்குள் நிற்கிறவன் முதல் கைத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளலாம். மேலே ஏறி, பொங்கல் வைத்து, கயிறும் வாளியும் போட்டுவிட்டால், அதன் பிறகு அவனோ அவன் சனமோ அந்தக் கிணற்றைத் தொடக்கூடாது. தூரத்தில் குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். இறைக்க வருகிற, நிலமுள்ள சம்சாரி வீட்டுப் பெண்களில் மனசுள்ளவள் எவளாவது ஊற்றுவாள். வெட்டியவனே என்றாலும் அதுதான். காலையில் விடிவதும் சாயங்காலம் இருட்டுவதும்போல அது நடந்துகொண்டிருந்தது.

நாவலூத்தின் நல்ல தண்ணீர்க் கிணற்றை 1924இல் மொக்கைச்சாமி வெட்டினான். ஊர் அம்பலக்காரன் வெள்ளைத்துரை முன்னின்று வெட்டச்சொன்ன கிணறு அது. பொங்கல் வைத்த பிறகு சுற்றுச்சுவருக்குக் கல் அடுக்கும்போது ஒரு கல் உருண்டு மொக்கைச்சாமியின் முழங்காலில் விழுந்தது. கிணற்றடியிலேயே கிடத்தினார்கள். பங்குனி வெயில். அவன் தண்ணீர் கேட்டான். ஊற்றுகிற பெண்கள் எல்லோரும் களத்தில் இருந்தார்கள். மலையம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு படியேறிப் போய், வாளியை இறக்கி, இறைத்து, அவன் வாயில் ஊற்றினாள். மிச்சத்தை அவன் காலில் விட்டாள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாவடியில் ஊர் கூடியது. வெள்ளைத்துரை கொடுமைக்காரன் அல்ல. வாய்ச்சாமர்த்தியம் உள்ளவன், அந்தச் சாமர்த்தியத்தின் மேல் அவனுக்குப் பிரியம் அதிகம்.

"கயித்தத் தொட்டியா?" என்று கேட்டான்.

"தொட்டேன்யா."

"ஏன் தொட்ட?"

"எம் புருசன் தண்ணி கேட்டாரு. தண்ணி அங்கனதான் இருந்துச்சு."

இதற்கு என்ன தண்டனை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் வெள்ளைத்துரை சொன்னான். "தண்ணி மேல இம்புட்டு ஆசை இருந்தா ஊருக்குள்ள எதுக்குக் கெடக்கணும்? உம் புருசன்தான் பெரிய கிணறுவெட்டியாச்சே. கண்ணாடிப் பொட்டல எடுத்துக்கங்க. உங்களுக்கே உங்களுக்கு. அங்கன வெட்டிக் குடிச்சுக்கங்க."

சாவடி சிரித்தது. வெள்ளைத்துரையின் தம்பி பேயாண்டி எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்தவர்களில் பாதிப்பேர் பொழுது சாய்ந்ததும் எழுந்து போலீஸ் கச்சேரிக்குப் போய்ப் படுத்தார்கள். கைரேகைச் சட்டத்தில் பேர் இருந்த ஆண்கள் எல்லோரும் தூங்குவதைப் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அப்போது சர்க்கார் உத்தரவு. மலையம்மாள் புருஷனை ஒரு கட்டிலில் வைத்துச் சொந்தக்காரர்களோடு தூக்கிக்கொண்டு ரயில் ரோட்டைத் தாண்டினாள்.

முதல் வருஷம் பொட்டலின் ஓரத்தில், பாறைச் சரிவில் பனையோலை சாய்த்து இருந்தார்கள். குச்சுவீடு போடச் சமதளமான இடம் எல்லாவற்றிலும் செடிகள் இருந்தன. பிடுங்கிப் போட்டால் ஆச்சு என்று உதவிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மலையம்மாள் கேட்கவில்லை. "நம்மளயே பிடுங்கி எறிஞ்சுட்டாக. நாமளும் போயி இன்னொண்ணப் பிடுங்கணுமா?" என்றாள். பாசி நொறுங்கும் என்பதால் ஒரே தடத்தில்தான் நடப்பாள். மற்றவர்களையும் அப்படியே நடக்கவைத்தாள். தினமும் கால்வாய்வரை போய்த் தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். மொக்கைச்சாமி முழங்கால் கூடியதும், அது ஒழுங்காகக் கூடாமல் விந்தி விந்தி நடக்க நேர்ந்தபோதிலும், சரிவில் குழி எடுத்துப் பார்த்தான். கண்ணாடிக்கல்லின் கீழே கண்ணாடிக்கல்லே இருந்தது. ஈரம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூமி தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்து, கடப்பாரையைச் சாய்த்துவைத்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்தான்.

அப்புறம் ஒருநாள் கூழ் காய்ச்சி இறக்கிவிட்டு மலையம்மாள் வெறும் சட்டியை அடுப்பில் கவிழ்த்தாள். அடுப்புக்கு அண்டக்கொடுத்திருந்தது கண்ணாடிக்கல். சூட்டில் அது சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. சட்டியை எடுத்தபோது அதன் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. மொக்கைச்சாமி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். இன்னொரு கல்லைச் சுட்டுப் பார்த்தான். அதுவும் வேர்த்தது.

"ஏ புள்ள, தண்ணி கீழ இல்ல. கல்லுக்குள்ள கெடக்கு."

"அப்ப கல்லையா வெட்டணும்?"

"வெட்டுனா பொடிதான் வரும்." அவன் செடிகளைக் காட்டினான். கத்திரி வெயிலில் அவை எண்ணெய் தேய்த்தாற்போல மினுங்கிக்கொண்டிருந்தன. "மழை இல்ல, ஊத்து இல்ல, இதுக என்னத்தக் குடிக்கும்? கல்லத்தான் குடிக்குதுக. நம்ம கேக்க வேண்டியது இதுககிட்ட."

மலையம்மாள் போய்க் கேட்டாள். என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாள் என்பது தெரியாது. அவளும் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் செடிகள் நகர்ந்து வீட்டுக்கு இடம் விட்டன. குடியேறிய மறுநாள் காலையில் வாசலோரத்துச் செடிகளின் இலைநுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பனி இல்லை. பனி என்றால் எங்கேயும் விழுந்திருக்கும். இது கல்லுண்ணிகளில் மட்டும் இருந்தது, வெயில் ஏறிய பிறகும் இருந்தது. மலையம்மாள் சிரட்டைகளைக் கழுவி ஒவ்வொரு செடியின் கீழும் வைத்தாள். அன்றைக்குப் பிடித்த தண்ணீரை இருவரும் ஆளுக்கொரு மடக்குக் குடித்தார்கள். மொக்கைச்சாமி அழுதான். கிணறு வெட்டுகிறவனுக்கு இப்படி உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் கிடைப்பது ஒரு மாதிரி வெட்கமாக இருக்கிறது என்று காரணம் சொன்னான்.

அடுத்த வருஷங்களில் செடிகள் தாராளமாகிவிட்டன. சிரட்டை போய்க் கலயம் வந்தது. மலையம்மாள் சமயநல்லூர் வயல்களுக்குக் களையெடுக்கப் போனாள். மொக்கைச்சாமி வெளியூர்களில் கிணற்று வேலைக்கு மேஸ்திரியாகப் போய் வந்தான். அவர்கள் சனத்தில் ஊர்ச் சண்டையில் மனம் விட்டவர்கள், கூலி சரியில்லாதவர்கள், குடத்தை வைத்துக்கொண்டு காத்து நிற்கப் பிடிக்காதவர்கள் என்று ஒவ்வொரு குடும்பமாகப் பொட்டலுக்கு வந்தார்கள். வந்தவர்களைச் செடிகள் ஒரு பருவம் பார்த்தன. பாசியை மிதிக்காதவர்களுக்கு நகர்ந்து இடம் விட்டன. முரட்டுத்தனமாக நடந்த ஒரு குடும்பத்துக்குக் கடைசிவரை இடம் விடவில்லை. அவர்கள் பரமக்குடிப் பக்கம் போய்விட்டார்கள். 1933 வாக்கில் அங்கே ஒரு முழுத் தெரு இருந்தது. செடிகள் விட்ட இடம்தான் தெரு. கொஞ்சம் வளைந்திருந்தாலும் வண்டி போக வசதியாக இருந்தது.

1934இல் மழை பொய்த்தது. மறுவருஷமும் பொய்த்தது. கண்மாய் விரிசல் விட்டது. வைகையில் மணலைத் தோண்டினால் மணல்தான் வந்தது. கால்வாயில் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். நாவலூத்தின் நல்ல தண்ணீர்க் கிணற்றில் இறக்கிய வாளி முதலில் சேற்றை எடுத்துவந்தது, பிறகு ஒரு தவளையை, அதன் பிறகு வாளியாகவே வந்தது. பொட்டலில் மட்டும் நிலைமை வேறு. காயக் காயக் கல்லுண்ணிகள் அதிகமாகக் கல்லைக் குடித்தன. குடித்ததில் தங்களுக்குப் போக மீதியை விட்டன. அக்கினி நட்சத்திரத்தில் ஒரு குத்துச்செடியின் கீழ் வைத்த கலயம் பொழுது விடிவதற்குள் வழிந்தது.

ஊரிலிருந்து முதலில் வந்தவள் அன்னக்கொடி. அவள் வெள்ளைத்துரையின் மனைவி. பட்டப்பகலில் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் ரோட்டைத் தாண்டி வந்தாள். தெருமுனையில் நின்றாள். எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் ஊரில் மற்றவர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்பார்களோ அவ்வளவு தூரம் கணக்குப் பார்த்து, குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள்.

"அங்கன ஏன்த்தா நிக்கிறீக?" என்று மலையம்மாள் கூப்பிட்டாள். "வரிசைக்கு வாங்க."

"எங்க நிக்கட்டும்?"

"இந்தா, இவளுக்குப் பின்னாடி."

இவள் என்றது நாற்று நடுகிற வேலைக்கு அன்னக்கொடியின் வயலுக்கே வந்துபோய்க்கொண்டிருந்த ஒருத்தி. அன்னக்கொடி அவளுக்குப் பின்னால் நின்றாள். பொட்டலில் ஒரே ஒரு சட்டம்தான். முன்னால் வந்தவர் முன்னால். யாரும் யாருக்கும் ஊற்றுவதில்லை. அவரவர் கையால் கலயத்தை எடுத்துக் குடத்தில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். செடியின் கீழே குனிந்தபோது இலையிலிருந்து ஒரு சொட்டு அன்னக்கொடியின் பிடரியில் விழுந்தது. அந்தக் குளிர்ச்சியை அவள் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் இன்னும் சில பெண்கள் அவளோடு வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நாவலூத்துப் பெண்கள் எல்லோரும் பொட்டல் வரிசையில் இருந்தார்கள்.

ஆண்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் குடித்தார்கள். பேயாண்டிதான் அதற்கு மேல் தாங்கமாட்டாமல் அண்ணனிடம் சொன்னான். நம் வீட்டுப் பெண்கள் அங்கே போய் யார் யாருக்கோ பின்னால் நிற்கிறார்கள், செடியை இங்கே கொண்டுவந்து நட்டுவிட்டால் நம் வயலிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்றான். வெள்ளைத்துரைக்கு அந்த யோசனை பிடித்தது. வண்டிகளைக் கட்டிக்கொண்டு இருவரும் ஆட்களோடு பொட்டலுக்குப் போனார்கள். தெரு ஆண்கள் கம்புகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மலையம்மாள் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சபையில குடுத்த சொல்ல நான் மாத்தலை" என்றான் வெள்ளைத்துரை. "பொட்டலக் குடுத்தேன். செடியக் குடுக்கலை."

மலையம்மாள் செடிகளைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக வந்தா கூட்டிட்டுப் போங்கய்யா" என்றாள். மொக்கைச்சாமி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை.

பாசியோடு பெயர்த்து, வேரில் சாக்குச் சுற்றி, வண்டிகள் கொள்ளும் மட்டும் ஏற்றினார்கள். நாவலூத்திலேயே நல்ல கரிசல் மண் வெள்ளைத்துரையின் கிணற்றடி வயல். அங்கே சாணி எரு போட்டு வரிசையாக நட்டார்கள். ஒரு செடியின் தண்டு வண்டியில் நசுங்கி முறிந்திருந்தது. வெள்ளைத்துரை அதற்குத் தன் கையால் குச்சி கட்டி, வாழைநாரில் சுற்றி நிறுத்தினான். அவனுக்கும் செடி வளர்க்கிற கை உண்டு. இரண்டு நாள் அவை தலை தொங்க நின்றன. ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அடுத்த நாள் காலையில், பால்காரர்கள் மதுரைக்குப் புறப்படுகிற நேரத்தில், செடிகள் மண்ணை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் புறப்பட்டன.

பார்த்தவர்கள் பலர். ரோட்டின் இடது ஓரமாகவே போயின. பெரியவை முன்னால், சிறிய பூண்டுகள் நடுவில், பாசி கடைசியில் பாய் சுருட்டினாற்போல உருண்டுகொண்டே போனது. வேகம் ஒரு கிழவர் நடக்கிற வேகம். எதிரே வந்த மாட்டுவண்டிகள் ஒதுங்கி நின்றன. ரயில்வே கேட்டுக்கு அவை வந்தபோது திண்டுக்கல் வண்டிக்காகக் கேட் சாத்தியிருந்தது. செடிகள் நின்றன. சங்கிலி என்கிற கேட்காரன் பச்சைக்கொடியை ஒரு கையில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தான். திறந்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்ததாகவும், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டதாகவும் பிறகு சொன்னான். வண்டி போனது. ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சங்கிலி கேட்டைத் திறந்தான். செடிகள் தண்டவாளத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, அவரவர் குழியில் போய் உட்கார்ந்தன. மலையம்மாள் வாசலில் நின்று எல்லாம் வந்து சேரும்வரை பார்த்தாள். முறிந்த தண்டுக்காரன் கடைசியாக வந்தான், குச்சிக்கட்டோடு. அவள் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தது.

இதற்குப் பிறகு வெள்ளைத்துரை தனியாக வந்தான். மேல்துண்டு தோளில் இருந்தது. தரையில் உட்கார்ந்தான். ஊருக்குக் குடிக்க வேறு தண்ணீர் இல்லை; செடிகள் திரும்பிய நாளிலிருந்து பெண்கள் பொட்டலுக்கு வர வெட்கப்பட்டு, பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடந்தார்கள்.

"பொம்பளைகள வரச் சொல்லவா?" என்று கேட்டான்.

"வரவேணாம்னு நாங்க சொல்லலையேய்யா."

"செஞ்சதுக்கு என்ன கேக்குற? சொல்லு."

"நல்ல தண்ணிக் கிணத்துல நாங்களும் எறைச்சுக்கணும்."

வெள்ளைத்துரை நிமிர்ந்து பார்த்தான். "அதுல தண்ணி ஏது? வத்திப்போன கிணத்துக்கு எதுக்கு இப்ப வழக்கு?"

"தண்ணி கெடக்கையில கேட்டா குடுப்பீகளாய்யா?"

தன் வாழ்நாளில் வாயடைத்துப்போனது அந்த ஒருமுறைதான் என்று பின்னால் அவனே சொல்லியிருக்கிறான். கடைசியில், ஒச்சாண்டம்மன் மேல் ஆணையாகச் சரி என்றான். வெறும் கிணறுதானே என்கிற நினைப்பும் அதில் இருந்தது. மலையம்மாளுக்கு அது தெரியும்.

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு வருஷத்து மழையும் சேர்ந்து வந்ததுபோல வந்தது. கண்மாய் நிறைந்து மறுகால் போனது. நல்ல தண்ணீர்க் கிணறு படிவரைக்கும் ஏறியது. மழை விட்ட முதல் வெள்ளிக்கிழமை காலையில் மலையம்மாள் குடத்தை விளக்கினாள். மொக்கைச்சாமி எழுந்திருக்கவில்லை.

"எனக்கு வேணாம் புள்ள. இங்கதான் தண்ணி இருக்குல்ல. அடிச்சுப் போட்டாங்கன்னா?"

"எனக்கும்தான் தாகமில்ல" என்றாள் மலையம்மாள். "இருந்தாலும் போவணும். நீங்க வாங்க."

அவன் எழுந்தான். தெருவே அவர்களுக்குப் பின்னால் வந்தது. கிணற்றடியில் பேயாண்டியும் சில இளவட்டங்களும் கம்போடு படியை மறித்து நின்றார்கள். காய்ந்த கிணற்றுக்குச் சொன்ன சொல் நிறைந்த கிணற்றுக்குச் செல்லாது என்று பேயாண்டி சொன்னான். வெள்ளைத்துரை சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில், எல்லோருக்கும் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். மற்ற ஊர் அம்பலக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவன் பயந்தான். மலையம்மாள் முதல் படிக்குக் கீழே போய்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மேலே ஏறவில்லை, திரும்பவும் இல்லை. மொக்கைச்சாமி நொண்டிக்காலை ஊன்றி அவள் பக்கத்தில் நின்றான்.

அப்போது நாவலூத்துப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். பேயாண்டி அவர்களுக்கு வழிவிட்டு விலகினான். அன்னக்கொடி படியேறவில்லை. மலையம்மாளுக்கும் அவள் சனத்துக்கும் பின்னால் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் நின்றார்கள்.

"மதினி, இது ஆம்பளைக சமாச்சாரம். நீங்க மேல வாங்க" என்றான் பேயாண்டி.

"ஆம்பளைகளா கஞ்சி காச்சுறீக?" என்றாள் அன்னக்கொடி. "பொட்டல்ல இவுகளுக்குப் பின்னாடி நின்னுதான் வருசம் பூரா உங்களுக்குத் தண்ணி கொண்டாந்தேன். குடிச்சீகல்ல? நான் நின்ன எடத்துலதான் நிப்பேன். முன்னாடி நிக்கிறவ எறைக்கட்டும், அப்புறம் நான்."

பேயாண்டி அவர்கள் சீக்கிரம் கலைந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தான். கலையவில்லை. வெயில் ஏறியது. நாவலூத்தில் ஒரு வீட்டிலும் அடுப்புப் புகையவில்லை. மாடுகள் கட்டுத்தறியில் கத்தின. ஆண்கள் ஒவ்வொருவராகக் கிணற்றடிக்கு வந்து, வரிசையைப் பார்த்து, தங்கள் பெண்டாட்டியைக் கண்ணால் கூப்பிட்டுப் பார்த்து, பலிக்காமல் மரநிழலில் உட்கார்ந்தார்கள். உச்சிப் பொழுதில் கல்லுண்ணிகள் வந்தன. யார் சொல்லியும் வரவில்லை. மேட்டிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, கிணற்றடிக்கு வந்து, வரிசையில் பெண்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். அதில் வியப்படைந்தவர்கள் யாரும் இல்லை; எல்லோரும் பொட்டலில் பழகியவர்கள்.

வெள்ளைத்துரை அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அன்னக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு செடி நின்றது. அதன் தண்டில் குச்சி கட்டியிருந்தது. வாழைநார் அவன் போட்ட முடிச்சிலேயே இருந்தது. முறிவு கூடி, அதற்கு மேலே புது இலை விட்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரத்தடியை விட்டு நடந்து வந்து தம்பியின் கம்பைப் பிடித்தான்.

"வழிய விடு தம்பி."

"அண்ணே, நாளைக்கு மத்த ஊர்க்காரன் கேட்டா என்ன சொல்றது?"

"செடியெல்லாம் வந்து வரிசையில நின்னுச்சுன்னு சொல்லு. நம்புறவன் நம்பட்டும்." அவன் மொக்கைச்சாமியின் பக்கம் திரும்பினான். அவனை இதுவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். "மொக்கைச்சாமி, வெட்டுனது நீ. ஏறி வா. எறைச்சுக்க."

பேயாண்டி கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். மொக்கைச்சாமி விந்தி விந்திப் படியேறினான். மலையம்மாள் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவன் நிதானமாக இழுத்தான். வாளியைச் சுவரில் வைத்து, இரண்டு கையாலும் அள்ளி, ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் உவர்ப்பாத்தான் இருக்கு" என்றான்.

முதலில் சிரித்தது மலையம்மாள். பிறகு அன்னக்கொடி. அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு போனது. மரத்தடியில் இருந்த ஆண்களும் சிரித்தார்கள். மொக்கைச்சாமி சிரித்துக்கொண்டே அழுதான். மலையம்மாள் குடத்தை நிறைத்து, தலையில் ஏற்றி, படியிறங்கும்போது அவள் முதுகு அவ்வளவு நேராக இருந்ததைப் பார்த்தவர்கள் வேறு எந்த ராணியையும் பார்க்க ஆசைப்படவில்லை. வரிசை நகர்ந்தது. செடிகளின் முறை வந்தபோது, இறைத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைச் சாய்த்து ஆளுக்கொரு கை வேரில் விட்டார்கள். அவை குடித்துவிட்டு, வந்த வழியே மேட்டுக்குத் திரும்பின. பேயாண்டி பொழுது சாய்கிற நேரத்தில் வந்து, வரிசையில் நின்று, முகம் கழுவிக் குடித்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு பெரிய விசேஷம் என்று சொல்ல அதிகம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் சில ஊர்கள் நாவலூத்தைத் தள்ளிவைத்தன. அடுத்த பஞ்சத்தில் தண்ணீருக்கு வந்தபோது அதை விட்டுவிட்டன. கல்யாணங்களுக்குப் பந்தியில் வைக்க ஒரு குடம் பொட்டல் தண்ணீர் எடுத்துவருவது நாவலூத்தில் வழக்கமானது. யுத்தம் வந்து போனது. வெள்ளைக்காரர்கள் போகிற வருஷத்தில் கைரேகைச் சட்டமும் போனது. ஆண்கள் தங்கள் வீட்டில் படுத்துத் தூங்கினார்கள், முதல் சில நாள் தூக்கம் வராமல் கஷ்டப்பட்டார்கள். அந்தப் பொட்டல் மலையம்மாள் பேருக்கே பட்டாவாகியது. அளக்க வந்த சர்வேயர் எல்லைக்கல் நடவேண்டிய இடங்களைச் செடிகளே ஒதுங்கிக் காட்டியதாகச் சொல்லி, வேலை சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷப்பட்டுப் போனார். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை விட்டதும் கல்லுண்ணிகள் ஒரு காலை கிணற்றடிக்கு வந்து வரிசையில் நின்று, ஒரு கைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

1948 ஐப்பசியில் அன்னக்கொடியின் இளைய மகனுக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். புதுப்பெண் முதல்முறையாகத் தண்ணீருக்கு வந்தாள். வரிசையில் தனக்கு முன்னால் ஒரு செடி, அதற்கு முன்னால் மலையம்மாள், அவளுக்கு முன்னால் இன்னொரு செடி நிற்பதைப் பார்த்தாள். மாமியாரின் காதருகே குனிந்து, இது என்ன அத்தை, செடி நிற்கிறதே, நான் தாண்டிப் போகலாமா என்று கேட்டாள்.

"அது உனக்கு முன்னாடியே வந்துருச்சு" என்றாள் அன்னக்கொடி. "பின்னாடி நில்லு."

புதுப்பெண் குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, செடிக்குப் பின்னால் நின்றாள்.